இழுக்குது

“யோவ் நாகேஷ்! நீ பண்ணினது வீல் அலைன்மென்ட்டா, வேற எதாச்சுமா?”

காரை நிறுத்துவதற்கு முன்பே கத்தத் தொடங்கிவிட்டார் பாலசுப்ரமணியன். எலெக்ட்ரானிக் சிட்டி சர்வீஸ் ரோட்டில் நாகேஷின் கடை. காத்திருந்தவர்கள் எல்லாரும் மொபைலிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

“என்ன ஆச்சு சார்?” நாகேஷ் ஓடி வந்தார்.

“போன வாரம் என்ன சொன்னே? ‘சார், அலைன்மென்ட் அவுட்டு சார், அதான் டயர் ஒரு பக்கமாத் தேயுது சார், புதுசு மாட்டிட்டேன், இனிமே அம்பு மாதிரி போகும் சார்!’” நாகேஷின் கன்னடத் தமிழை ராகத்தோடு இழுத்துக் காட்டினார். “அம்பு இன்னிக்குக் காலையிலேருந்து லெஃப்ட்லயே போகுதுய்யா! வழியெல்லாம் இழுக்குது. டயரைப் பாரு!”

நாகேஷ் குனிந்தார். இடது முன் டயரின் ஓரம், நடைபாதைக் கல்லில் உரசி உரசி, துருவிப் போட்ட தேங்காய் மூடி போல் இருந்தது.

“அய்யய்யோ! பேஜார் மாட்கோபேடி சார், கோபப்படாதீங்க. இப்பவே பாத்துடறேன்.”

மெஷினில் ஏற்றினார். திரையில் நாலு சக்கரத்துக்கும் பச்சை காட்டியது.

“எல்லாம் கரெக்டா காட்டுதே சார்...”

“உன் மெஷின் உனக்குத்தானே சாட்சி சொல்லும்? ரோட்டுக்கு வா, காட்டறேன்!”

முதலில் நாகேஷ் ஓட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். கார் கோடு போட்டது போல் நேராகப் போனது.

“நீ ஓட்டினா மட்டும் நல்ல பிள்ளையாப் போகுது. நகரு!”

நாகேஷைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, கடை வாசலிலிருந்து பாலசுப்ரமணியன் எடுத்தார். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை.

டர்ர்ர்க்!

கார் இடது பக்கம் ஒதுங்கி, கல்லில் உரசி நின்றது.

“பாத்தியா? இழுக்குதா, இல்லையா?”

நாகேஷ் டயரைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தார். சட்டென்று கையை நீட்டி இன்ஜினை அணைத்து, சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

“ஏய்! சாவியைக் குடுய்யா!”

“குடுக்க மாட்டேன் சார்.”

“பட்டப்பகல்ல கொள்ளையா?”

கடையிலிருந்தவர்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“இவனுங்க இப்படித்தான் சார், வண்டியைப் பிடிச்சு வச்சுக்கிட்டுப் பில்லை ஏத்துவானுங்க,” என்றான் கழுத்தில் ஐடி கார்டு தொங்கிய ஒருவன்.

“வீடியோ எடுங்க ப்ரோ! போட்டு விடலாம்!”

பாலசுப்ரமணியன் மனைவி வீணாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“வீணா... இந்த ஆளு... சாவி... தர மாட்டேங்...”

“என்னங்க, டவர் கிடைக்கலையா? பேச்சு கொழகொழன்னு வருது. போனை அவன்கிட்டக் குடுங்க, நான் பேசிக்கறேன்!”

நாகேஷ் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“மேடம், லெஃப்ட் சைடு இழுத்துக்கிச்சு. உடனே கிளம்பி வாங்க.”

“நான் எதுக்குப்பா வரணும்? போன வாரம்தானே சரி பண்ணினே? மறுபடி இழுத்தா அது உன் தப்பு!”

“மேடம், லேட் பண்ணக் கூடாது மேடம்...”

“எங்க தலையில மிளகாய் அரைக்கலாம்னு பாக்கறியா? அவருக்கு ஆபீஸ்ல மீட்டிங் இருக்கு. மரியாதையா சாவியைக் குடு. இல்லேன்னா இப்பவே போலீசைக் கூப்பிடுவேன்!”

“ஆட்டோ! ஏய் ஆட்டோ, இல்லி பா, இங்க வா!” என்று ரோட்டைப் பார்த்து அலறினார் நாகேஷ். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவனின் கை மெல்லத் தாழ்ந்தது.

“ஆட்டோவா? கார் இருக்கும்போது ஆட்டோ எதுக்கு?”

தன் தோளில் சரிந்தவரை இறுக அணைத்துப் பிடித்தபடி நாகேஷ் சொன்னார்:

“வண்டி நேராத்தான் போகுது மேடம். இழுத்துக்கிச்சுன்னு நான் சொன்னது... சாருக்கு!”