பத்தாயிரம் ரூபாய் மொசைக்

"இந்தச் சந்துல கடைசியா வித்த வீடு எது?" என்று கேட்டார் வெங்கடராமன். ஓய்வுபெற்ற எஞ்சினியர், வீட்டுக்கு மதிப்புப் போட வந்தவர்.

"நான் இந்தப் பாலிகஞ்சுப் பேட்டைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு சார். எதுவும் விக்கலியே," என்றார் சிவலிங்கம். அப்பளக் கடையில் நாள் முழுக்கப் பேரம் பேசும் நாக்குக்கு இன்று வேலை இல்லை. அவருடைய மொத்தச் சேமிப்பும் இந்த மனிதர் எழுதப்போகும் ஒரே எண்ணில் தொங்கியது.

"நக்சல் கலாட்டா ஓய்ஞ்சே ரெண்டு வருஷம்தான். எவன் விப்பான், எவன் வாங்குவான்? ஒப்பிட்டுப் பார்க்க வீடு இல்லேன்னா செலவை வெச்சுத்தான் போடணும். இந்த மொசைக் தரைக்கு எவ்வளவு ஆச்சு?"

சிவலிங்கம் வாய் திறப்பதற்குள், மாடியிலிருந்து இறங்கி வந்து நாற்காலியில் சாய்ந்திருந்த சேஷாத்ரி முந்திக்கொண்டார்.

"பத்தாயிரம்! இவரே சந்து பூரா சொன்னாரே. ஜன்னல் பர்மா தேக்கு. அது எட்டு."

நிஜக் கணக்கு சிவலிங்கத்துக்கு மட்டும்தான் தெரியும். மொசைக்குக்கு ஆனது ஆறு. ஜன்னல், எங்கோ இடித்த வீட்டிலிருந்து அள்ளி வந்தது. மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழட்டும் என்று அளந்ததெல்லாம் இப்படியா திரும்பி வரும்?

"பில் இருக்கா?"

"வரி மிச்சமாகுமேன்னு... பில் வாங்கலை சார்."

"பரவாயில்லே, வேலையே பேசறது." எஞ்சினியர் குனிந்து தரையைத் தடவினார்.

"அவ்வளவெல்லாம் ஆகியிருக்காது சார்..." என்றார் சிவலிங்கம்.

"நீர் என்னிக்கு ஓய் நிஜ விலை சொன்னீர்?" என்று சேஷாத்ரி சிரித்தார்.

வெங்கடராமன் பேனாவை மூடினார். "ஒரு லட்சம். தாராளமாப் போகும்."

சிவலிங்கம் அந்த மொசைக் மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"எழுபது தேறினா அதிகம்னு நெனச்சேன்!" சேஷாத்ரி எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். "வீட்டுக்காரன் நான் ஒரு ஆணி அடிச்சதில்லே, குடித்தனக்காரர் நீர் இப்படி இழைச்சுட்டீர். மதிப்புப் போடற விலைக்கே வாங்கிக்கறேன்னு, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டு அட்வான்ஸும் குடுத்தீரே... மீதியை எப்போ தர்றீர்?"