உதைக்கு உதை

வலது தொடை இடுக்கில் கட்டியிருந்த நெறி குந்தவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. காசி சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, தோலில் சதை வழிக்கும் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. தோல் பதனிடும் ஷாப்புக்கு லீவு என்றால் வீட்டில் வேலை. மகள் தேவகி சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கினாள். மனைவி செண்பகம் துவைத்துப் போட்ட துணியை ஆடிக்காற்று கொடியோடு சேர்த்து முறுக்கியது.

வாசலுக்குக் கதவு கிடையாது. மண் உள்ளே வராமலிருக்க ஒரு கோணி தொங்கியது. போன வாரம் கோலார் ரயிலில் வந்த ஆவாரம்பட்டை மூட்டைகளை இறக்கியபோது, காசியும் அவன் தோஸ்த் ரஃபி அகமதுவும் ஆளுக்கொரு கோணி சுருட்டி வந்ததில் ஒன்று அது. செண்பகம் அதை உதறியபோது செத்த எலி ஒன்று விழுந்தது.

"மொதலாளி கூலிதான் கம்மியா குடுக்கறான். கறியாவது குடுத்தானே" என்று அன்று காசி சிரித்தான்.

அந்தச் சிரிப்பு நேற்றுச் சாயங்காலத்தோடு போயிற்று. பாலாற்று மணலில் சடுகுடு. ஆட வரவேண்டிய கோலார்க் கட்சி, அங்கே பிளேக் என்று ரயில் ஏறவில்லை. ஷாப்பு ஆட்களே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள்.

பாடிப் போன காசியை எதிர்க்கட்சி மொத்தமும் விழுந்து அமுக்கியது. காலண்டை இருந்தவன் ரஃபி. விடிவதற்குள் இடுக்கு வீங்கிவிட்டது.

"கத்திய வெச்சிக்கினு இன்னாய்யா பண்ற?" என்றாள் செண்பகம்.

"ரஃபிய பாக்கப் போறேன். இடுக்குல பாத்து உதைச்சிருக்கான்."

"ஆட்டத்துல பட்டிருக்கும். வேணும்னா செய்வான் உன் தோஸ்த்து?"

"என் காலு அவன் மேல பட்டிருந்தா நானும் உட்டுருப்பேன். ஒரு வெரலுகூட படலடி. உதைக்கு உதை குடுக்கணும். காலத் தூக்க முடியல, அதான் கத்தி."

"அவன் செத்தா உனக்கு வேலூரு ஜெயிலு. எனக்கும் பொண்ணுக்கும் இன்னா வழி? அதச் சொல்லிட்டுப் போ."

காசி சுவரைப் பிடித்து எழுந்தான்.

ரஃபியின் வீடு ஆற்றுக்கு அக்கரையில். மூன்று பேரும் வறண்ட ஆற்றில் இறங்கினார்கள். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. செண்பகம் அவனுடைய கத்திக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தாங்குகிறாளா தடுக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"திரும்பிடலாம்யா. கை நெருப்பா கொதிக்குது."

"கோவம்டி."

"நைனா, ரஃபி மாமாவையா வெட்டப் போற?" என்றாள் தேவகி. "காத்தாடி செஞ்சி தர்றேன்னு சொன்னாரே."

காசி பல்லைக் கடித்துக்கொண்டு காலை இழுத்தான்.

ரஃபி வீட்டு வாசலிலும் அதே பட்டைக் கோணி தொங்கியது. அதை விலக்கிக்கொண்டு அவன் அம்மா அக்தரி பேகம் எட்டிப் பார்த்தாள். காசி கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"வாப்பா காசி. ராத்திரிலேர்ந்து படுத்துக் கெடக்கான். ஒரு வாய் கஞ்சி எறங்கல. நீ சொன்னாத்தான் கேப்பான்."

உள்ளே இருட்டு. கயிற்றுக் கட்டிலில் ரஃபி ஒரு காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. காசி கத்தியை முன்னால் எடுத்தான். ரஃபி அதைப் பார்த்தும் அசையவில்லை.

"கத்தி வேறயா? எனக்கு நடக்க முடிஞ்சா நானே வந்திருப்பேன்" என்றான். "இடுக்குல பாத்து உதைச்சிட்டு, வீங்கிச்சா இல்லியான்னு பாக்க வந்தியாடா?"

காசியின் கத்தி தாழ்ந்தது. வாசலில் கோணி காற்றில் படபடத்தது. செண்பகம் தேவகியை அதன் பக்கத்திலிருந்து வெடுக்கென்று இழுத்தாள்.

ரஃபி வறண்ட உதட்டை நக்கிக்கொண்டான்.

"உனக்கு ஒரு உதை பாக்கி, காசி. எழுந்ததும் குடுத்துட்றேன்."