நிறுத்தும் பொத்தான்

"இது அவருக்குத் தெரியக் கூடாது, பிரேமு."

பிரேம்குமாரின் மெக்கானிக் ஷெட்டில், மேஜைமேல் அந்தக் குட்டி வண்டியை வைத்துவிட்டு ஹேமாவதி சொன்னாள். அவனுக்கு முகம் மாறிவிட்டது.

வண்டி அவள் கணவர் ராஜகோபாலுடையது. ரிமோட்டில் ஓடும் பெட்ரோல் பொம்மைக் கார்; பக்கி என்று பெயர். முழங்கால் உயரம்தான், ஆனால் கிளம்பினால் பைக்கைத் துரத்தும். துபாயிலிருந்து மகன் கொண்டுவந்து, லீவு முடிந்ததும் அப்பாவிடமே விட்டுப்போனது. அறுபத்து மூன்று வயதில் பொம்மைக் காரா என்று தெருவே சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. ஞாயிறு சாயந்தரமானால் காய்ந்த ஏரியில் அவரும் வண்டியும்தான்.

அவர் அம்மையார்குப்பம் போன நாளாகப் பார்த்து, ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவள் கேட்டது இதுதான். தூரத்திலிருந்தே இன்ஜினை நிறுத்துகிற மாதிரி ஒரு சுவிட்ச். அவர் ரிமோட்டோடு சம்பந்தமில்லாமல் தனியாக ஒரு பொத்தான். அது அவள் கையில் இருக்கவேண்டும். வண்டி தானாக நின்றதாக அவர் நினைக்கவேண்டும்.

"ஏன் அத்த, மாமா சந்தோஷமா இருக்கறது புடிக்கலியா?"

"மாட்டித் தருவியா, இல்ல அரக்கோணத்துல வேற ஆளப் பாக்கட்டுமா?"

மாட்டித்தந்தான். பிளக்குக்கு ஸ்பார்க் போகும் வழியில் ஒரு சின்ன ரிலே, அதை இயக்க சாவிக்கொத்து அளவில் ஒரு பொத்தான். டேங்குக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாமல் ஒயரை ஒளிக்கும்போது, நல்ல மனுஷனுக்குக் குழி வெட்டுவதுபோல இருந்தது அவனுக்கு. கூலி வாங்கவும் மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமுடியாமல் ஏரிக்கே போய்விட்டான்.

ராஜகோபால் கரைமேல் நின்று ஓட்டிக்கொண்டிருந்தார். பத்தடி பின்னால் ஹேமாவதி, முந்தானைக்குள் கையை வைத்தபடி. பக்கி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைந்து, இடதுபக்கமாக நீட்டிப் பறந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அப்போது பார்த்துத்தான் இன்ஜின் நின்றது.

"சனியன் புடிச்ச கார்புரேட்டரு," என்று முணுமுணுத்தபடி அவர் கரையிலிருந்து இறங்கி நடந்தார்.

பிரேம்குமார் நேராக ஹேமாவதியிடம் போனான். குரலை அடக்கமுடியவில்லை.

"நல்லா ஓடிகினு இருந்த வண்டி. உனக்கு இதுல இன்னா அத்த கெடைக்குது?"

"இடதுபக்கம் பாரு."

பார்த்தான். ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வந்தவர்கள், காவடியோடு இரண்டு பெண்கள், ஏரிக்குள் குறுக்கே நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். பக்கி அவர்களுக்கு நாலடி தள்ளி நின்றிருந்தது.

"அவங்க வந்தது அவருக்குத் தெரியல. கண்ணுல பிரஷராம். ஓரப்பார்வை போச்சுன்னா திரும்பி வராதுன்னு டாக்டரு எங்கிட்டதான் சொன்னாரு. அவருக்குச் சொட்டு மருந்து மட்டும் குடுத்து அனுப்பிட்டாரு."

"மாமாகிட்ட சொல்லவேண்டியதுதான?"

"சொன்னா அன்னைக்கே வண்டியத் தூக்கிப் பரண்மேல போட்டுடுவாரு. பைக் ஓட்டறத விட்டாரு. தறி ஷெட்டுக்குப் போறத விட்டாரு. இதையும் நானே புடுங்கணுமா?"

அவனுக்குத் தலை நிமிரவில்லை. அதற்குள் ராஜகோபால் பக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இவன் கார்புரேட்டரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, ராஜகோபால் தனியாக ஷெட்டுக்கு வந்தார். கையில் வண்டி இல்லை.

"வா மாமா. மறுபடியும் நின்னுபோச்சா?"

"ஆங், நிக்கிது. ஆனா நேத்து ஒரே அமுக்குல நிக்கல நைனா. மூணு தடவ டிக்கு டிக்குனு அமுக்கினா. பாவம், பயந்துட்டா."

பிரேம்குமார் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"உனக்கு... எப்பத்துலருந்து தெரியும் மாமா?"

"மொத நாள்லருந்து. பெட்ரோல் தீர்ந்தா ஒரு கூவு கூவிட்டுத்தான்டா இன்ஜின் நிக்கும். இது சட்டுனு நிக்குது. பன்னெண்டு தறி ஒண்ணா ஓடற எடத்துல, நூல் அறுந்து நின்னுச்சா, கரன்ட் போயி நின்னுச்சா, ஆளு நிறுத்தினானான்னு காதால சொன்னவன் நான். கண்ணு போனா காதுமா போயிடும்?"

இடதுபக்கம் கொஞ்ச நாளாகவே மசமசவென்று இருப்பதையும் அவரே சொன்னார். மழை வரும், வெயில் வரும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

"அப்ப அத்தகிட்ட சொல்லிடேன் மாமா. ரெண்டு பேரும் எதுக்கு ஒளிஞ்சிகினு?"

அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அவ அமுக்கறதுக்கு முன்ன என் மூஞ்சியப் பாப்பா. வருத்தப்படுவாரோ, இன்னும் கொஞ்சம் ஓட்டட்டுமேன்னு. அந்த நேரத்துல வண்டி எவ கால்ல மோதும்னு யாரு கண்டா? நான் கார்புரேட்டரத் திட்டற வரைக்கும் அவ கூசாம அமுக்குவா."

சட்டைப்பையிலிருந்து அந்தச் சாவிக்கொத்துப் பொத்தானை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"புது பேட்டரி போட்டுக் குடு, சீக்கிரம். அவ தூங்கி எழுந்துக்கறதுக்குள்ள இத மிளகாத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி வெச்சாகணும்."