எதிர்க்கரைச் சிங்கம்

"மறுபடி சேர்ந்து வாழலாம்னு தோணினா, மத்தியானம் அரண்மனைத் தோட்டத்துக்கு வாங்க. கால்வாய்க் கரையில இருக்கிற கல்சிங்கத்துக்கிட்ட நிக்கிறேன். போன் வேண்டாம், அதுல பேசித்தான் எல்லாமே கெட்டுச்சு" என்று காலையில் ஓட்டல் வாசலில் சுகந்தி சொல்லியிருந்தாள்.

"சிங்கம் தேவலை, கடிக்காது" என்று சிரித்தான் அவள் கணவன் இளம்பரிதி.

அந்தப் பழைய ராஜாவின் தோட்டம் கால்வாயின் இரு கரையிலும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே மாதிரி இருந்தது. கூம்பாகக் கத்தரித்த மரத்துக்கு எதிரே அதே மரம், பூப்பாத்திக்கு எதிரே அதே பாத்தி. கால் கடுக்க நின்றுவிட்டு, இனி வரமாட்டான் என்று கிளம்பியவள் எதிர்க்கரையைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு சிங்கம். அதன் முதுகில் கையூன்றி, அவள் வாங்கித் தந்த நீலச் சட்டையில் அவன் வழி பார்த்து நின்றிருந்தான்.

"என்னங்க, இங்க!" என்று கத்தினாள்.

அந்த நேரம் பார்த்துக் கால்வாய் நெடுக நீரூற்றுகள் பீறிட்டன. கூட்டம் கைதட்டியது. தண்ணீர் அடங்கியபோது எதிரே சிங்கம் மட்டும் இருந்தது.

கால்வாயின் இரு கோடியிலும் ஒவ்வொரு பாலம் இருந்தது. ஒன்றை நோக்கி ஓடியவள் பாதியில் நின்றாள். குரல் கேட்டு அவன் மறுகோடிப் பாலம் வழியாக வந்துகொண்டிருந்தால்? திரும்பி வந்து சிங்கத்தின் முதுகில் கை வைத்தாள். வெயிலில் கல் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.