கத்தரிச் செடியிடம் சொன்னது

தோட்டத்தைப் பிரித்தபோது கத்தரிப் பாத்திகள் அண்ணன் பங்குக்குப் போயின. ஆனால் தம்பி பெண்டாட்டி பூவாத்தா கத்தரி நாற்றுகளுக்கு நடுவே ஏற்கெனவே சிறுகீரை விதைத்திருந்தாள். விதைத்தவளே பிடுங்கிக்கொள்ளட்டும், கீரை தீர்ந்ததும் அவள் அந்த வரப்பை மிதிக்கக் கூடாது என்று முடிவானது. பூவாத்தா தினமும் ஒரே ஒரு பிடிதான் பிடுங்கினாள். பக்கத்துப் பாத்தியில் அவளுடைய ஓரகத்தி, அந்த அண்ணனின் பெண்டாட்டி ரத்தினம், தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பாள். பதினோரு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள்; இப்போது பேச்சில்லை. கீரை முற்றிப் பூ வைத்த பிறகும் பூவாத்தா ஒரு பிடிக்கு மேல் பிடுங்கவில்லை. அப்படியும் கடைசிப் பிடி வந்துவிட்டது. வேரில் ஒட்டிய மண்ணைக் கத்தரித் தூரிலேயே உதறிவிட்டு எழுந்தாள். வரப்பில் ஏறும்போது பின்னால் ரத்தினத்தின் குரல் கேட்டுத் திரும்பினாள். ரத்தினம் அவளைப் பார்க்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, கத்தரிகளுக்கு நடுவே கீரை விதையைத் தூவியபடி ஒரு செடியை அதட்டிக்கொண்டிருந்தாள்.

“இதையெல்லாம் பிடுங்க எனக்கு நேரமில்லை, ஆமா! யாராச்சும் கேட்டா, அவ வெதைச்ச கீரை இன்னும் தீரலைன்னு சொல்லு.”