வராத வக்கீல்

அலெக்ஸாண்டர் மறுபடியும் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்ததே தவிர, வக்கீல் எடுக்கவில்லை.

"இன்னா சார், உன் வக்கீலும் கம்பி நீட்டிட்டானா?" என்றாள் பெஞ்சில் பக்கத்தில் இருந்த மங்கை. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்பவள்.

"இன்னிக்கு அவர் வந்து பேசலேன்னா என் பொழப்பே போச்சும்மா. 'நான் பாத்துக்கறேன், கவலைப்படாதீங்க'ன்னார்."

"எங்காளும் அதத்தான் குமாஸ்தாகிட்ட சொல்லி அனுப்பிச்சான். கேஸ் கூப்ட அன்னிக்கு ஆளக் காணோம். தீர்ப்பு எதிராளிக்குப் போயி, என் வூடே போச்சு. கேட்டா, வேற கோர்ட்ல இருந்தாராம்!"

"நம்பி வந்தவங்கள நடுத்தெருவுல விடறவன் எல்லாம் மனுஷனா?" அலெக்ஸாண்டருக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது.

"அப்டிக் கேளு! அதான் இங்க புகார் குடுத்துகீறேன். அவன் கறுப்புக் கோட்டக் கழட்டாம உடமாட்டேன். நீயும் உடாத!"

"விடுவேனா?"

கதவு திறந்தது. வக்கீல்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் குழுவின் உதவியாளர் கூப்பிட்டார்: "புகார்தாரர் மங்கை! எதிர்மனுதாரர், வழக்கறிஞர் அலெக்ஸாண்டர்!"

பெஞ்சிலிருந்து இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

மங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானா நைனா அது? மீனக்கூட செவுளத் தூக்கிப் பாத்துதான் வாங்குவேன். உன் விஷயத்துல குமாஸ்தா மூஞ்சியப் பாத்தே ஏமாந்துட்டேனே!"

அலெக்ஸாண்டர் அவசரமாக உள்ளே போய்க் கும்பிட்டார்.

"ஐயா, எங்க வக்கீல் வேற கோர்ட்ல இருக்கார். ஒரு வாய்தா..."