மேசையில் ஒரு டப்பா

துப்பாக்கியின் போல்ட் மூடவில்லை.

ஓரின் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தான். தோட்டா முக்கால்வாசி உள்ளே போய் அடம்பிடித்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"குண்டைக் கூட்டுக்கு வெளிய ரொம்ப நீட்டி வெச்சுத் தொலைச்சிட்டேன்," என்றான். காதுவரை சிவந்துவிட்டது.

வீட்டிலிருக்கும் இன்னொரு துப்பாக்கிக்கு வைத்த அளவை மாற்றாமலே அறுபது தோட்டாவையும் அமுக்கி முடித்திருக்கிறான். வீட்டில் உட்கார்ந்து தோட்டா நிரப்புகிறவனுக்கு மட்டுமே வாய்க்கிற முட்டாள்தனம் இது. கடையில் வாங்குகிறவன் ஆசைப்பட்டாலும் செய்ய முடியாது.

மொன்டானாவில் எல்க் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய கடைசிப் போட்டி. அறுநூறு கெஜம், பத்துத் தோட்டா. பக்கத்து மாவட்டக்காரர்கள் மூன்று வருஷமாக வைத்துக்கொண்டு பீற்றுகிற கோப்பையைப் பிடுங்க ஓரினை விட்டால் ஆள் கிடையாது. அவன் முறைக்கு இன்னும் கால் மணி நேரம். கடை நாற்பது மைல் தள்ளி.

அவனுடைய அக்கா நடீன் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் முறை முடிந்திருந்தது. பெட்டியில் நாற்பது தோட்டா மிச்சம். இருவர் துப்பாக்கியும் ஒரே அளவு.

பெட்டியை அவன் பக்கம் நகர்த்தலாமா? கை எழவில்லை.

அடுத்தவர் நிரப்பிய தோட்டாவை அங்கே யாரும் சுடமாட்டார்கள். பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கடன் கேட்பது மாதிரி அது. அதிலும் நடீனிடம் பத்தொன்பது வருஷமாக ஒரு ஜீவன் கேட்டதில்லை.

காலையில்தான் மைதானப் பொறுப்பாளர் டுவேன் அவளைச் சீண்டியிருந்தார். ஊருக்குப் புதுசு, வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா நடீன், இது உனக்குப் பொழுதுபோக்கா, விளையாட்டா, இல்ல வீட்டு வேலையா? கடையில தோட்டா பெட்டி பெட்டியாக் கிடக்கு. நீ என்னடான்னா வாரம் பூரா உக்காந்து அமுக்கிட்டிருக்க."

"பாத்திரம் தேய்க்கிற மாதிரின்னு வெச்சுக்கங்களேன்," என்று சிரித்து மழுப்பியிருந்தாள்.

அவள் மேசையைப் பார்த்திருந்தால் டுவேன் அப்படிக் கேட்டிருக்கமாட்டார். ஒவ்வொரு தோட்டாக் கூட்டுக்கும் போடுகிற வெடிமருந்தை மூன்று தடவை நிறுப்பாள். கூடுகளை வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்ப்பாள். ரேடியோ கிடையாது. பேச்சு கிடையாது. ஒரு மடக்கு காபிகூடக் கிடையாது.

மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான். அதை மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் அடுத்தது வெளியே வரும்.

அப்படி நிரப்பிய தோட்டாக்கள் மேல் அவளுக்கு அடங்காத பெருமை. அதை யாரிடம் போய்க் காட்டிக்கொள்வது?

டுவேன் ஓடிவந்தார். கையில் கடையில் வாங்கிய தோட்டாப் பெட்டி, ஒட்டுக்கூடப் பிரிக்காதது. "இந்தா ஓரின், இதை வெச்சு சமாளி!"

ஓரின் அதைப் பார்த்தான். நன்றி என்று தலையாட்டினான். வாங்கிக்கொள்ளவில்லை.

நடீனை நோக்கி நடந்தான்.

கேட்டுவிடுவானோ என்று அவளுக்குப் பயம். கேட்காமல் போய்விடுவானோ என்று அதைவிடப் பெரிய பயம்.

அவன் கையை நீட்டினான். "பத்து குடுக்கா."

"அவர்தான் தர்றாரேடா. அதை வாங்கிக்கோயேன்."

"அது அங்கயும் இங்கயும் போவும். உன்னோடது போற இடத்துக்குப் போவும். குடு."

எண்ணிக் கொடுத்தாள். ஒன்று கைதவறிப் புல்லில் விழுந்தது. அவனே குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து, முதல் தோட்டாவாக அதையே போட்டான்.

போல்ட் சத்தமில்லாமல் மூடியது.

ஓரின் படுத்தான். துப்பாக்கிக் கட்டையை இடது தோளில் ஊன்றினான். வரிசையில் நின்ற பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெல்ல இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். டுவேன் மட்டும் ஒன்றும் புரியாமல் நின்ற இடத்திலேயே நின்றார். நடீன் நகரவில்லை. தம்பியின் தோளுக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டாள்.

வெடித்தது.

அறுநூறு கெஜத்துக்கு அப்பால், இலக்குக்கு அடியில் குழியிலிருந்தவர்கள் அதை உயர்த்திக் காட்டினார்கள். குண்டு துளைத்த இடத்தில் அவர்கள் குத்திய வெள்ளைப் பொட்டு நட்டநடுவில்.

இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவது தோட்டா வெடித்தபோது, பின்வாங்கியவர்கள் முன்னால் வந்திருந்தார்கள். பத்தாவதுக்கு ஒருவர் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தார். பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கிவிட்டன. கோப்பை ஊர் திரும்பியது.

"அடேயப்பா!" என்று டுவேன் கத்தினார். "என்னா தோட்டாய்யா இது!"

ஓரின் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "எங்கக்கா நிரப்பினது!"

நடீன் நிமிர்ந்து நின்றாள். அந்த மைதானத்தில் அவள் அப்படி நின்று பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

ஓரின் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி, வலது கண்ணோரம் படிந்த தூசியைத் துடைத்தான். அந்தக் கண் இமைக்கவில்லை. அவன் இடது தோளுக்கு மாறியது அந்தக் கண் போன பிறகுதான். இதே மைதானத்தில், ஒரு நீளத் துப்பாக்கித் தோட்டாவுக்குள் தவறிப்போய்க் கைத்துப்பாக்கி மருந்து இருந்து, துப்பாக்கியே அவன் முகத்தருகே வெடித்துச் சிதறிய நாளில்.

அந்தத் தோட்டாவை நிரப்பியபோது நடீனின் மேசையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன.